மகளைக் காலேஜ் டீமில் எடுத்திருக்கிறார்கள், அனுப்பலாமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் ஊட்டியில் பி.காம். முதலாண்டு. தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். கல்லூரி வாலிபால் அணியில் எடுத்துவிட்டார்கள். இனி கோவை, பொள்ளாச்சி, ஈரோடு என்று மேட்சுக்குப் போக வேண்டியிருக்குமாம். படிப்பு கெட்டுவிடும் என்கிறார் கணவர். சர்டிபிகேட் வேலைக்கு உதவும் என்கிறார் கொழுந்தன். கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் இந்தப் போட்டிகளால் நல்லது அதிகமா, கெட்டது அதிகமா?

அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு நீங்களே அந்தக் கல்லூரி மைதானத்தில் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் நீளும். மலையில் ஒரு கல்லூரியில் 27 வருஷம் ஃபிசிக்கல் டைரக்டராக (பி.டி.) இருந்தவனிடம் இதைக் கேட்டால் இரண்டு வரியில் முடியாது.

முதலில் உங்கள் கொழுந்தனார் சொன்ன சர்டிபிகேட் விஷயத்தை முடித்துவிடுவோம். பெற்றோர் அதிகம் ஏமாறுவது இதில்தான். அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சான்றிதழ்கள் படிவம் படிவமாகப் பிரிந்திருக்கின்றன. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 2. பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்து, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 3. கல்லூரிக்காக ஆடிக் கோப்பையே தூக்கி வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றும் கைக்கு வராது. உங்கள் மகள் கல்லூரி அணியிலிருந்து பாரதியார் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாக வேண்டும். அதன் கீழ் கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி என நாலு மாவட்டத்துக் கல்லூரிகள் இருக்கின்றன. வாலிபால் அணிக்கு வேண்டியது பன்னிரண்டு பேர். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, காவலர் தேர்வில் 10 சதவீதம் உண்டு, ரயில்வேயும் ஆள் எடுக்கிறது. எல்லாம் நிஜம்தான். ஆனால் அந்த வாசல் வரை போகிறவர்கள் மிகச் சிலர். வேலைக்காக என்றால் அனுப்ப வேண்டாம். ஆடப் பிடித்திருக்கிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள், பிடித்திருந்தால் அனுப்புங்கள். வேலை வந்தால் அது லாபம்.

படிப்பு விஷயத்தில் உங்கள் கணவர் பயப்படுவதில் பாதி நியாயம். 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். மேட்சுக்குப் போகும் நாளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, வந்ததாகவே கணக்கு) போடுவார்கள். ஆனால் அந்தத் தாள் கையெழுத்தாகித் துறைக்குப் போய்ப் பதிவேட்டில் ஏறியதா என்று பிள்ளைதான் துரத்த வேண்டும். செமஸ்டர் கடைசியில் "ஓ.டி. வரலையே" என்று துறைத்தலைவர் சொல்லி, நான் பழைய ஃபைலைத் தோண்டி எடுத்துக் கொண்டு ஓடிய நாட்கள் கணக்கில் இல்லை. மேட்சுக்காகப் போகும் நாட்கள் வருஷத்துக்குப் பத்தைத் தாண்டாது. அதனால் படிப்பு கெட்டுப் பார்த்ததில்லை. கெட்டது எங்கே என்றால், பிராக்டீஸ் முடிந்து வீடு போய்ச் சேர ஏழரை ஆகி, சாப்பிட்டுவிட்டு அப்படியே தூங்கிவிடும் பிள்ளைகளுக்கு. முதல் இன்டர்னல் தேர்வு மார்க்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவரை பொறுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். போட்டி நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் வைத்துப் பேசுகிறவர்கள், எத்தனை ஆட்டம் ஆடக் கிடைக்கிறது என்ற கணக்கைத் தொடுவதே இல்லை. நமது கல்லூரிப் போட்டிகளில் முக்கால்வாசி நாக்‌அவுட். தோற்றால் வெளியே. 32 கல்லூரிகள் பெயர் கொடுத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 31 ஆட்டம். முதல் சுற்றிலேயே 16 அணிகள் ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்டிவிடும். அடுத்த சுற்றில் இன்னும் 8. அதாவது நாலில் மூன்று பங்கு அணிகளுக்கு அந்த வருஷத்துப் போட்டி ஒன்று அல்லது இரண்டு ஆட்டத்தில் முடிந்துவிடுகிறது. "போட்டி மனப்பான்மை வளரும், தோல்வியைத் தாங்கும் பக்குவம் வரும்" என்று ஆண்டு விழாவில் பேசுகிறோமே, அந்தப் பக்குவம் ஒரு மணி நேரத்தில் எப்படி வரும்? தோற்றவன் அடுத்த வாரம் மறுபடி ஆடினால்தானே நேற்று செய்த தப்பைத் திருத்துவான்!

மலைப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசம். ஊட்டியிலிருந்து கோவை ஏறத்தாழ 86 கிலோமீட்டர். காலை நாலரைக்கு வேன் ஏற வேண்டும். குன்னூர் தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். பர்லியாருக்குள் இரண்டு பேராவது வாந்தி எடுப்பார்கள். சிலர் முன்யோசனையாக அவோமின் போட்டுக்கொள்வார்கள். அது தூக்க மாத்திரை மாதிரி. வாந்தி நிற்கும், கூடவே கண்ணும் சொருகும். அரைத் தூக்கத்தில் போய் இறங்கி, கால் மரத்து, கோவை வெயிலில் முதல் செர்வை வாங்கும்போது பந்து இவர்கள் கையைத் தொடாமலே போய்விடும். மூன்று செட் ஆட்டத்தில் முதல் இரண்டையும் விட்டுவிட்டால் நாற்பது நிமிஷத்தில் முடிந்தது கதை. ஆறு ஏழு மணி நேரப் பயணத்துக்கு நாற்பது நிமிஷ ஆட்டம். அதிலும் பெஞ்சில் உட்கார்ந்த நாலு பேர் பந்தைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். திரும்பும் வழியில் மேட்டுப்பாளையத்தில் பரோட்டா வாங்கிக் கொடுப்பேன். அந்தப் பரோட்டாதான் பல பிள்ளைகளுக்கு அந்த வருஷத்துப் போட்டியின் ஞாபகம்.

"மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நுரையீரல் பலம், கீழே போனால் பறப்பார்கள்" என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். 1968 ஒலிம்பிக்ஸ் நடந்த மெக்சிகோ சிட்டிக்கும் ஏறத்தாழ இதே உயரம். அங்கே நீண்ட ஓட்டங்களில் உலகச் சாதனைக்காரர்களே தள்ளாடினார்கள். 10,000 மீட்டரில் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் கடைசிக் கோட்டைத் தாண்டி அப்படியே விழுந்தார். கென்யாவின் மேட்டு நிலத்தில் வளர்ந்த கிப் கெய்னோ 1,500 மீட்டரில் தங்கம் வாங்கினார். அதே மெல்லிய காற்றில் பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டினார். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். உடம்பு அதற்கு ஈடுகட்ட ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்கிறது. நமது பிள்ளைகளுக்கு அந்தச் சாதகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வெயில் என்று ஒன்று இருக்கிறதே! உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வேண்டும். காலையில் ஸ்வெட்டரோடு வேன் ஏறி, பதினொரு மணிக்கு 35 டிகிரியில் ஓடுகிற பிள்ளைக்குச் சிவப்பணு என்ன செய்யும்? நான் கூட்டிப்போன ஒரு எஸ்டேட் பெண், 5,000 மீட்டர். ஊட்டி ஏரியைச் சுற்றி அவள் ஓடினால் பையன்களால் கூடப் பிடிக்க முடியாது. கோவையில் எட்டாவது சுற்றில் பாதையை விட்டு விலகி, வேலி ஓரமாக ஒரு வேப்பமர நிழலில் போய் நின்றுவிட்டாள். "சார், தரை சுடுது" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பந்துகூட நமக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். இறங்கும்போது நேர்மாறு. வாலிபாலுக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ. ஊட்டியில் சரியாகக் காற்றடித்த பந்து கோவை போய்ச் சேரும்போது ஏறக்குறைய அதில் பாதிக்கு இறங்கித் தொளதொள என்று இருக்கும். முதல் இரண்டு வருஷம் எனக்கு இது உறைக்கவேயில்லை. பந்து பஞ்சர் என்று திட்டிக்கொண்டே இருந்தேன். அதோடு இங்கே காற்று அடர்த்தி குறைவு, பந்து நீளமாகப் போகும், அதிகம் ஆடாது. கீழே அடர்ந்த காற்றில் அதே செர்வ் முன்னாலேயே விழும். எதிராளி சுழலாமல் போடும் மிதவை செர்வ் நடுவானில் நெளியும். மலையில் மட்டுமே ஆடிப் பழகிய கைக்கு அந்த நெளிவு பிடிபட ஐந்தாறு ஆட்டமாவது வேண்டும். நாக்‌அவுட் ஒன்றுதான் தருகிறது. (ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர், பெண்கள் வாலிபால் வலையின் உயரம் 2.24 மீட்டர். இதை வைத்து வருஷாவருஷம் முதலாண்டுப் பிள்ளைகளிடம் ஒரு ஜோக் சொல்வேன். யாரும் சிரித்ததில்லை.)

இதற்கு மாற்று இல்லாமலில்லை. இரண்டு வருஷம் நாங்களே செய்து பார்த்தோம். மலைக்குள்ளேயே நாலு கல்லூரிகள். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் இரண்டிரண்டு முறை ஆட வேண்டும், ஒன்று நம் மைதானத்தில், ஒன்று அவர்கள் மைதானத்தில். மொத்தம் 12 ஆட்டம், ஓர் அணிக்கு ஆறு. சனிக்கிழமை மட்டும். கோப்பை இல்லை, சிறப்பு விருந்தினர் இல்லை. ஜெயித்தவர் தோற்றவர் எல்லாருக்கும் டீயும் ஊட்டி வர்க்கியும். மூன்றாவது சனிக்கிழமைக்குள் பெஞ்சில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் ஆடிவிட்டார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பையன்கள் அடிக்கும் ஸ்மாஷை எப்படித் தடுப்பது என்று எங்கள் பையன்கள் ராத்திரியில் பேசிக்கொண்டிருந்தார்கள். போட்டி மனப்பான்மை என்று நான் நம்புவது அதைத்தான். எதிராளியை யோசிக்க வைக்க வேண்டும், மறுபடி சந்திப்போம் என்ற நினைப்பு இருக்க வேண்டும். மூன்றாம் வருஷம் நின்றுபோனது. கோப்பை இல்லை, போட்டோ இல்லை, ஆண்டறிக்கையில் எழுத ஒன்றுமில்லை என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். வேன் டீசல் பில் மட்டும் இருந்தது.

முத்தநாடு மந்தில் (மந்து என்றால் தோடர் பழங்குடிக் குடியிருப்பு) தோடர்களின் மொற்பர்த் விழாவுக்கு ஒரு முறை போயிருந்தேன். வழிபாடு முடிந்ததும் இளைஞர்கள் வழுவழுப்பான ஓர் உருண்டைக் கல்லைத் தூக்குகிறார்கள், நமது ஊர் இளவட்டக்கல் மாதிரி. எதிரே ஆள் கிடையாது, கல்தான் எதிராளி. தூக்க முடியாமல் போட்டவனைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறார்கள், அவனும் சிரிக்கிறான், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து பிடிக்கிறான். நாக்‌அவுட் இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். தொழில் புத்தி.

கெட்டதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. அடிபடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதிலும் நானே செய்ததை. ஒரு வருஷம் எங்கள் பெண்கள் அணி அதிசயமாக அரையிறுதி வரை போய்விட்டது. எங்கள் மெயின் அட்டாக்கர், எஸ்டேட் லைனிலிருந்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வரும் பெண், இரண்டாவது செட்டில் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள். வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்ப்ரே அடித்தேன், கிரேப் பேண்டேஜ் சுற்றினேன். "இன்னும் ஒரே செட்தாம்மா, முடியுமா?" என்று கேட்டேன். பதினெட்டு வயசுப் பிள்ளை, கூடி நின்று ஒன்பது பேர் முகத்தைப் பார்க்கிறார்கள், முடியாது என்றா சொல்லும்? வலிக்கும் காலைக் காப்பாற்ற மறு காலில் மட்டும் ஊன்றி இறங்கினாள். முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. சத்தம் எனக்கே கேட்டது. ஏ.சி.எல். என்று சொல்கிறார்களே, முழங்காலுக்குள் குறுக்காகப் போகும் தசைநார், அது கிழிந்துவிட்டது. நாங்கள் ஜெயித்தோம். மறுநாள் இறுதியாட்டத்தில் அவளை வைத்துக்கொண்டே போட்டோவும் எடுத்தோம்.

இரண்டு வாரம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். ரோட்டிலிருந்து லைன் வீடு வரை தேயிலைக்கு நடுவே செங்குத்தாகப் படிக்கட்டு. எனக்கே இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. அந்தப் படியில் அவளை அப்பாவும் அண்ணனும் மாறிமாறித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அம்மா டீ கொடுத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அந்தக் கப்பு இப்ப எங்க சார் இருக்கு?" பிரின்சிபால் ரூமில், கண்ணாடி பீரோவில் என்றேன். "பத்திரமா இருக்கட்டும் சார்" என்றார். குத்திக்காட்டினாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வீங்கின காலோடு யாரையும் உள்ளே அனுப்பியதில்லை. ஒரு காலிறுதியை அதனாலேயே இழந்தோம்.

ஏ.சி.எல். கிழிவது இப்படித் தாவி இறங்கும் ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இடுப்பு, தொடைத் தசைகளைப் பலப்படுத்தி, முழங்கால் உள்ளே மடங்காமல் இறங்கப் பழக்கினால் இதைக் குறைக்க முடியும். ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒரு வார்ம்அப் முறை இருக்கிறது, இருபது நிமிஷம், சாமான் எதுவும் வேண்டாம். நார்வேயில் கால்பந்து ஆடும் பெண் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தபோது மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்று 2008-இல் வெளியிட்டார்கள். ஊட்டிக் குளிரில், அதுவும் டிசம்பர் ஜனவரியில் புல்லில் உறைபனி கிடக்கும்போது, இருபது நிமிஷ வார்ம்அப் இல்லாமல் தாவ விடுகிறவர் பி.டி.யே இல்லை. கபடிக்காரப் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். எடை வரம்பு ஆண்களுக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75. முதல் நாள் ராத்திரி பட்டினி கிடந்து, தண்ணீர் குடிக்காமல், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு ஓடி இரண்டு கிலோ இறக்குவார்கள். மறுநாள் அந்த உடம்போடு ஆடுவது ஆபத்து.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. இதை ஆண் பி.டி.க்கள் பலர் கண்டுகொள்வதே இல்லை, எனக்கும் ஒரு மாணவி சொல்லித்தான் தெரிந்தது. போகிற மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்காது, இருந்தாலும் பூட்டியிருக்கும், திறந்திருந்தால் உள்ளே போக முடியாது. ஆகவே பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். மூன்று மணி நேர வேன், அதன்மேல் வெயில், அதன்மேல் ஆட்டம். தலை சுற்றி விழுந்தால் "மலைப் பொண்ணு, ஸ்டாமினா இல்லை" என்பார்கள். அதற்குப் பிறகு நான் போட்டி நடத்தும் கல்லூரிக்குப் போன் போட்டால் முதல் கேள்வி இதுதான். வலை எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அப்புறம்.

வாடகை வீரர்கள் விவகாரத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சீட் இலவசம், ஹாஸ்டல் இலவசம், சாப்பாடு இலவசம் என்று எங்கோ ஆடித் தேறிய பிள்ளைகளைக் கூட்டி வந்து அணியை நிரப்பிவிடுவார்கள். ஏழைப் பிள்ளைக்குப் படிப்புச் செலவு மிச்சம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். வகுப்புப் பக்கமே வராமல், ஒரு டிகிரி முடிந்ததும் இன்னொரு டிப்ளமோவில் பெயர் கொடுத்து, 25 வயசு வரை கல்லூரி மாறி மாறி ஆடிக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளையின் கையில் கடைசியில் என்ன இருக்கும் என்பதுதான் என் கேள்வி. முட்டி போனதும் ஹாஸ்டல் ரூமும் போய்விடும். இது நமது ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டும் யேலும் 1852-இல் ஓர் ஏரியில் முதல் படகுப் போட்டி நடத்தியபோதே, அந்த ஏரிக்கு ஆட்களை வரவழைக்க நினைத்த ஒரு ரயில் கம்பெனிதான் செலவை ஏற்றது. 1905-இல் அங்கே பள்ளி, கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் 18 பேர் செத்துப்போனார்கள். அந்த வருஷம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே பெரிய கல்லூரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது. 1929-இல் கார்னகி அறக்கட்டளை ஆள் பிடிப்பதையும் காசு கொடுப்பதையும் பற்றி ஒரு தடித்த அறிக்கையே போட்டது. நமது அட்மிஷன் ஃபிளெக்ஸ் போர்டுகளில் "ஒட்டுமொத்தச் சாம்பியன்" என்று கோப்பையோடு நிற்கும் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரயில் கம்பெனி ஞாபகம் வரும்.

இதில் யாரும் பேசாத நஷ்டம் ஒன்று உண்டு. கல்லூரியில் சேரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் விளையாட்டுக் கட்டணம் வாங்குகிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேர் கட்டும் காசில் ஆடுவது நாற்பது ஐம்பது பேர். மற்றவர்களுக்கு பந்தைத் தொடக்கூடக் கிடைப்பதில்லை. "டீம் பிராக்டீஸ் நடக்குது, தள்ளிப்போ" என்று நானே விரட்டியிருக்கிறேன். மலையில் சமதளமே அபூர்வம், இருப்பது ஒரு மைதானம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழையில் அதுவும் சேறு. மழை விட்ட நாலு நாளில் யார் ஆடுவது என்று கேட்டால் கோப்பைதான் ஜெயிக்கும்.

மாணவர்களுக்குள் அடிதடி நடக்குமா என்றால், நடக்கும். ஆட்டத்தில் குறைவு, பஸ் ஸ்டாண்டில் அதிகம். பெண்கள் போட்டியில் நான் பெரிதாகப் பார்த்ததில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் அனுப்பச் சொல்கிறேன்? அந்த வேனுக்காக. நமது மாவட்டத்தில் ஒரு படுகர் ஹட்டிப் (கிராமத்துப்) பிள்ளையும், எஸ்டேட் லைனிலிருந்து வரும் இலங்கைவிட்டுத் தாயகம் திரும்பியவர் வீட்டுப் பிள்ளையும், பந்தலூர் மலையாளம் பேசும் பிள்ளையும், கோத்தர் வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் மூன்று வருஷம் படித்தாலும் மதியச் சாப்பாட்டை அவரவர் கூட்டத்தோடுதான் சாப்பிடுவார்கள். வேனில் அது நடக்காது. வாந்தி எடுக்கிறவள் தலையைப் பிடித்துக்கொள்ள யார் பக்கத்தில் இருக்கிறாளோ அவள்தான். வெளியூர்க் கல்லூரி வகுப்பறையில் பெஞ்சை ஒதுக்கிவிட்டு, ஜமுக்காளம் விரித்து, ஒரே கம்பளியில் இரண்டு பேராகப் படுத்தெழுந்தவர்கள் அப்புறம் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எனக்கும் பத்திரிகை வரும். போய்ப் பார்த்தால் பந்தியில் பழைய டீம் ஒன்றாக உட்கார்ந்திருக்கும், யார் எந்த செர்வை விட்டாள் என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டு. அந்த முழங்கால் கிழிந்த பெண்ணும் அதில் இருப்பாள். அவள் இப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. என்னோடு பேசுவாள், ஆனால் அந்த மேட்சைப் பற்றிப் பேச மாட்டாள்.

இன்னொன்று, பெண் பிள்ளைகள் விஷயத்தில் நான் கண்ணால் பார்த்தது. முதல் முறை வேனில் ஏறும்போது வாயே திறக்காத பிள்ளை, மூன்றாம் வருஷம் ரெஃப்ரியிடம் போய், "சார், பந்து லைன்ல விழுந்துச்சு, மார்க் பாருங்க" என்று விரல் நீட்டிக் காட்டும். அந்தக் குரல் வகுப்பறையில் வந்து நான் பார்த்ததில்லை.

சரி, நாலு மணிக்கு மைதானத்தில் என்ன பார்க்க வேண்டும்? வார்ம்அப் எவ்வளவு நேரம் செய்கிறார்கள் என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஓரமாக நிற்கும் பிள்ளைகளை உள்ளே விடுகிறார்களா, ஆறு பேர் மட்டுமே ஆடிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். காலில் கட்டோடு யாராவது ஆடினால், பி.டி.யிடம் போய் ஏன் என்று கேளுங்கள். வருஷத்தில் எத்தனை ஆட்டம் ஆட வைப்பீர்கள் என்றும் கேளுங்கள். பதில் "ஜெயிக்கிறதப் பொறுத்து" என்று வந்தால், பக்கத்துக் கல்லூரிகளோடு நட்பு ஆட்டம் வைக்கச் சொல்லி நாலு பெற்றோராகச் சேர்ந்து ஒரு கடிதம் கொடுங்கள். பிள்ளைகள் கேட்டால் நடக்காதது பெற்றோர் கேட்டால் நடக்கும். வெளியூர் போகும்போது கூடவே ஓர் ஆசிரியை வருகிறாரா, ராத்திரி எங்கே தங்குகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி கல்லூரியில் உள் புகார் குழு இருக்க வேண்டும், அதில் யார் இருக்கிறார்கள் என்று மகளுக்குத் தெரிந்திருக்கட்டும். தயங்காமல் கேளுங்கள், நல்ல பி.டி. கோபப்பட மாட்டார்.

பிராக்டீஸ் ஐந்தரைக்குள் முடிய வேண்டும் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். ஊட்டியிலிருந்து கோத்தகிரி போய், அங்கிருந்து உங்கள் ஊருக்கு மாறிப் போவதற்குள் இருட்டிவிடும். உங்கள் பக்கம் ஆறரைக்கு மேல் கரடி நடமாட்டம் உண்டு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஸ்டாப்புக்கு யாராவது டார்ச்சோடு வர வேண்டும். உங்கள் கணவரை அனுப்புங்கள். வருகிற வழியில் அவளே மேட்ச் கதையெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள், அவருக்கும் கோபம் குறையும்.

கீழே போகும் நாளில் இட்லி இரண்டோடு நிறுத்தச் சொல்லுங்கள், மிச்சம் மேட்டுப்பாளையம் தாண்டி. அவோமினுக்குப் பதில் வேனில் முன் சீட்டும், ஜன்னலும், ஓர் எலுமிச்சம்பழமும். உப்புச் சர்க்கரைக் கரைசல் ஒரு லிட்டர். பையில் காற்றடிக்கும் பம்பும் இரண்டு ஊசியும் இருக்கட்டும், இறங்கினதும் முதல் வேலை பந்துக்குக் காற்று. ஊசி ஒன்று எப்படியும் உடையும்.